தாய்மொழியை எண்ணும் கணக்கு

தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். பிச்சியும் அரளியும் கேரளத்துக்குப் போகும் வண்டிகளில் ஏறும். பேரம் தமிழிலும் நடக்கும், மலையாளத்திலும் நடக்கும். இப்படி இரண்டு மொழியும் புழங்கும் தோவாளைத் தாலுகா எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடியபோது, தாய்மொழிக் கணக்கு பெரிய சான்றாக நின்றது.

திருவிதாங்கூரில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்காக நேசமணி முதலான தலைவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. மாநில மறுசீரமைப்பு ஆணையம், எந்தத் தாலுகாவில் எந்த மொழி பேசுவோர் எத்தனை பேர் என்று பார்த்தது. ஆனால் எண் மட்டுமே முடிவு செய்துவிடவில்லை. தேவிகுளத்திலும் தமிழர்கள் மிகுந்திருந்தார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்று கருதிய ஆணையம், அந்தத் தாலுகாவைக் கேரளத்திலேயே விட்டது.

அப்படியானால் தாய்மொழியை எப்படி எண்ணுகிறார்கள்? குழந்தைப் பருவத்தில் தாய் நம்மோடு பேசிய மொழி எது என்பதே இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வி. தாயைச் சிறுவயதில் இழந்தவர்களுக்கு, வீட்டில் பேசப்பட்ட மொழி. சொல்லும் விடையை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். 2011இல் இப்படிச் சேர்ந்த பெயர்கள் 19,569. எழுத்து வேறுபாடுகளையும் ஒரே மொழிக்கு வழங்கும் பல பெயர்களையும் மொழியறிஞர்கள் சீர்செய்தபோது 1,369 தாய்மொழிகள் கிடைத்தன. அவற்றைத் தொகுத்து 121 மொழிகளாக வெளியிட்டார்கள்.

நாம் பார்க்கும் பட்டியல் இந்தத் தொகுப்பில் பிறந்ததுதான். இந்தி 52.8 கோடி, வங்காளம் 9.7 கோடி, மராத்தி 8.3 கோடி, தெலுங்கு 8.1 கோடி, தமிழ் 6.9 கோடி. முதலிடத்தில் உள்ள எண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். தங்கள் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர்கள் ஏறக்குறைய 32 கோடி. மீதியில் போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அடக்கம். போஜ்புரி பேசுவோர் மட்டும் 5.06 கோடி. தனி மொழியாக எண்ணியிருந்தால் அது 5.08 கோடி பேர் கொண்ட உருதுவுக்கு அடுத்தும், கன்னடத்துக்கு முன்னும் நின்றிருக்கும்.

இது கற்பனை அல்ல என்பதற்கு மைதிலியே சாட்சி. 1991 வரை அது இந்தியின் கீழ் எண்ணப்பட்டது. 2003இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்ததும் தனி மொழியாகப் பட்டியலுக்கு வந்தது. 2011இல் அதற்கு 1.36 கோடிப் பேர். அந்த மக்களின் பேச்சில் ஒரு மாற்றமும் நேரவில்லை, அவர்களை எழுதிய வரிசைதான் மாறியது. தமிழும் இதற்கு விலக்கல்ல. நம் 6.9 கோடிக்குள் இருளர் மொழியும் அடங்கியிருக்கிறது. அதைப் பேசுவோர் தனியாகக் கண்ணில் படுவதற்கு, தாய்மொழி வாரியான விரிவான அட்டவணையைத் திறக்க வேண்டும்.

வேறு நாடுகளைப் பார்த்தாலும் இந்தக் கணக்கின் அருமை விளங்கும். பாகிஸ்தானின் தேசிய மொழி உருது, ஆனால் அங்கே அதிகம் பேரின் தாய்மொழி பஞ்சாபி. இந்தோனேசியாவில் நாடு முழுவதற்கும் பொதுவானது இந்தோனேசிய மொழி, தாய்மொழிகளில் பெரியது ஜாவானிய மொழி. அரசு எந்த மொழியில் எழுதுகிறது என்பதும், தாய் எந்த மொழியில் தாலாட்டுகிறாள் என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவதை நாடு முழுவதும் அறிய முதன்மையான வழி கணக்கெடுப்புதான்.

பள்ளிப் பாடநூலும் மொழிச் சிறுபான்மையினரின் உரிமையும் இந்த எண்களைச் சார்ந்தே பேசப்படுகின்றன. இந்தியாவின் அடுத்த கணக்கெடுப்புக்கு, நாட்டின் பெரும்பகுதியில் 2027 மார்ச் 1 அடிப்படை நாள். அந்தக் கணக்கெடுப்பு வரும்போது, பெரிய மொழி எது, மதிப்பான மொழி எது என்று பார்க்காமல், அம்மா பேசிய மொழியின் பெயரையே சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அது சரியாக எழுதப்பட்டதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லைக்கோடு வரையப்படும்போது அந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பு என்பது தோவாளை உள்ளிட்ட நாஞ்சில் நாட்டுக்குத் தெரியும்.