உயிர்க் கடனும் சைக்கிளும்

மனிதர்கள் சைக்கிள் ஏறுவதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆபீஸுக்கு நேரமாகியிருக்கும், பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும், அல்லது தேகம் இளைக்க வேண்டுமென்று டாக்டர் கட்டளையிட்டிருப்பார். ஆனால், மரணத்தின் வாசல் வரையில் போய்த் திரும்பிய ஒருவர், உடம்பு தேறியதும் தேறாததுமாகப் பிரான்ஸ் தேசத்தைச் சைக்கிளில் சுற்றி வரப் புறப்பட்டால், "இது என்ன விபரீத ஆசை?" என்றுதானே கேட்கத் தோன்றும்? இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஃப் தாமஸ் அப்படித்தான் புறப்பட்டார். அதற்கு இருந்த காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு நேயர்கள் அதை விபரீதம் என்று சொல்லமாட்டார்கள்.

தாமஸ் பெயர்பெற்ற கால்பந்து ஆட்டக்காரர். 1990-ல் எப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கிரிஸ்டல் பாலஸ் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர். தமது தேசத்தின் சார்பில் 9 முறை களத்தில் இறங்கியவர். 2002-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வருஷமே, வயது நாற்பதைத் தொடுமுன், அவருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டிருப்பதாக வைத்தியர்கள் தெரிவித்தார்கள்.

அவருக்கு வந்தது நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் வகை. எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் வரம்பின்றிப் பெருகுவது இந்நோயின் இயல்பு. இதன் காரணத்தைக் கண்டுபிடித்த கதை மிகவும் நீண்டது. 1960-ல் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-ல் ஜேனட் ரவுலி என்ற பெண்மணி, 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக் கொள்வதே அதற்குக் காரணம் என்று நிரூபித்தார். அந்த மாற்றத்தால் உண்டாகும் ஒரு புரதமே அணுக்களை ஓயாமல் பெருகத் தூண்டுகிறது. அப்புரதத்தை அடக்கும் இமாடினிப் என்னும் மருந்துக்கு அமெரிக்க சர்க்காரின் அனுமதி கிடைத்த வருஷம் 2001. முதல் துப்புக் கிடைத்ததற்கும் மருந்து கைக்கு வந்ததற்கும் இடையே 41 வருஷங்கள்!

தாமஸ் நோயுற்ற காலத்தில் அம்மருந்து புதிது. நோயை அடியோடு நீக்க வல்லது என்று அன்று நிரூபணமாகியிருந்தது ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைதான். 2004 ஜனவரியில் அவருடைய சகோதரி தந்த ஸ்டெம் செல்கள் அவர் உடலில் செலுத்தப்பட்டன. நோய் அடங்கியது. இங்கே ஒரு விசித்திரப் பொருத்தத்தைச் சொல்லவேண்டும். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வழி வகுத்த அமெரிக்க வைத்தியர் டோனல் தாமஸ் நோபல் பரிசு பெற்றதும் அதே 1990-ல்தான். ஒரு தாமஸ் மைதானத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்த வருஷத்தில், பின்னால் அவர் உயிரைக் காக்கப்போகும் சிகிச்சைக்காக இன்னொரு தாமஸுக்கு மரியாதை நடந்தது.

அந்த மரியாதைக்குப் பின்னால் துயரமான வரலாறு ஒன்று இருக்கிறது. 1950-களிலும் 1960-களிலும் இச்சிகிச்சைக்கு உடன்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரிடமும் வைத்தியர்கள் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் படிப்பினால் பிழைத்தார்கள். பிழைத்தவர் அந்தக் கடனை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். இனி நோயுறப் போகிறவர்களிடம்தான் அதைச் செலுத்த முடியும்.

தாமஸ் செலுத்தத் தொடங்கியது 2005-ல். பிரான்ஸ் தேசத்தின் பிரசித்தி பெற்ற சைக்கிள் பந்தயமான 'டூர் டி பிரான்ஸ்' பாதை முழுவதையும், அதன் 21 கட்டங்களையும், நண்பர்களுடன் 21 நாட்களில் மிதித்து முடித்தார். தூரம் 2,200 மைல். வழியில் ஆல்ப்ஸும் பிரனீஸும் குறுக்கிட்டன. அவ்வருஷப் பாதையில் இருந்த காலிபியே கணவாய் 2,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ளது. ஏறக்குறைய நம் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம்! லுகேமியா ஆராய்ச்சிக்காக 1,50,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. புற்றுநோயால் 1999-ல் காலமான ஹெலன் ராலசன் என்னும் ஒலிபரப்பாளரின் பெயரால் பி.பி.சி. வழங்கும் பரிசு அவ்வருஷம் அவருக்குக் கிடைத்தது.

சைக்கிளில் போகும் எண்ணத்தை அவருக்கு ஊட்டியது, அமெரிக்கச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்டிராங்கின் சுயசரிதம். ஆம்ஸ்டிராங்கும் புற்றுநோயிலிருந்து பிழைத்தவரே. ஆனால் 2012-ல், ஊக்க மருந்து உட்கொண்ட குற்றத்துக்காக அவர் பெற்றிருந்த ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. 2015-ல் தாமஸ் மீண்டும் அதே யாத்திரை சென்றபோது, ஆம்ஸ்டிராங்கையும் சில கட்டங்களுக்கு அழைத்துக்கொண்டார். பலர் முகம் சுளித்தார்கள். சுளித்தது நியாயமே. என்றாலும், விளக்கை ஏற்றியவன் குற்றவாளி என்பதற்காக, அதன் ஒளியில் வழி கண்டவன் அதை அணைத்துவிட வேண்டியதில்லை.

இப்படிச் சேரும் பணம் எங்கே போகிறது? 'க்யூர் லுகேமியா' என்னும் பர்மிங்காம் தர்ம ஸ்தாபனத்துக்காகவும் தாமஸ் பாடுபட்டு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிகளில் புது மருந்துகளின் பரீட்சைகளை நடத்தும் விசேஷ நர்ஸுகளுக்கு அந்த ஸ்தாபனம் சம்பளம் கொடுக்கிறது. புட்டியில் மருந்து தயாராக இருந்தாலும், நோயாளிக்குக் கொடுத்து, நாள்தோறும் கவனித்து, கணக்கு எழுத ஆள் இல்லாவிட்டால் அது புட்டியிலேயே கிடக்கவேண்டியதுதான்.

"பணம் வேண்டுமென்றால் நேரே கேட்கலாமே, மலை ஏறுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். அன்னதானம் செய்தால் பசியாறிய முகத்தை உடனே பார்க்கலாம். ஆஸ்பத்திரி கட்டினால் சுவரில் பெயர் பொறிக்கலாம். ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரூபாய்க்கோ, பலன் தெரிய 41 வருஷம் ஆனாலும் ஆகும். கொடுப்பவர்களுக்கு எதைக் காட்டிக் கேட்பது? வியர்வை சொட்ட மேட்டில் ஏறும் அந்த மனிதரைத்தான் காட்டவேண்டும். முன்பு யாரோ கொடுத்த பணத்தின் பலன், அதோ, சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறது.