போலீஸ் ஹெலிகாப்டர் 15 நிமிடம் தாமதித்தால்?

இங்கிலாந்தில் ஒரு குளிர்கால இரவு. வீட்டைவிட்டு வெளியேறிய இளைஞர் ஒருவர் இருண்ட வயல்வெளியில் நடந்துகொண்டிருக்கிறார். அவருடைய வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது நிமிடத்திற்கு 100 மீட்டர். எந்தத் திசையில் போனார் என்பது யாருக்கும் தெரியாது. போலீசார் ஹெலிகாப்டரை அழைக்கிறார்கள்.

ஹெலிகாப்டர் 10 நிமிடத்தில் வந்துவிட்டால், அவர் 1 கி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள்தான் இருப்பார். அந்த வட்டத்தின் பரப்பளவு ஏறக்குறைய 3.1 சதுர கி.மீ. சரி, 25 நிமிடம் ஆனால்? என் படிவம் 2 மாணவர்களிடம் கேட்டபோது, பலர் "இரண்டரை மடங்கு, சார்" என்றார்கள். ஆரம்தான் இரண்டரை மடங்கு. பரப்பளவைக் கணக்கிட ஆரத்தை ஆரத்தால் பெருக்க வேண்டுமே! வரும் விடை 19.6 சதுர கி.மீ., அதாவது ஆறு மடங்குக்கும் மேல்.

ஹெலிகாப்டரில் உள்ள வெப்பப் படக்கருவி உடலிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவு செய்கிறது. குளிர்ந்த புல்வெளியில் மனித உடல் ஒரு வெண்புள்ளியாகத் தெரியும். ஆனால், தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் சிறிய இடத்தைத்தான் பார்க்க முடியும். ஆறு மடங்கு நிலப்பரப்பை அப்படித் துழாவுவது லேசான வேலையல்ல. மரங்கள் அடர்ந்த இடமாக இருந்தால் இன்னும் சிரமம்.

இந்தக் கூடுதல் 15 நிமிடம் எங்கிருந்து வந்தது? இந்த ஹெலிகாப்டர்கள் மணிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியவை. நிமிடத்திற்கு 4 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிற்கும் தளம் 60 கி.மீ. தள்ளிப் போனால் (கோலாலம்பூருக்கும் சிரம்பானுக்கும் இடையே உள்ள தூரம்தான்) 15 நிமிடம் கூடிவிடும்.

அங்கே உண்மையிலேயே தளங்கள் தள்ளிப் போயின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 43 வட்டாரக் காவல்படைகள் உண்டு. முன்பு அவற்றில் பல, சொந்தமாகவோ அண்டைப் படையுடன் சேர்ந்தோ ஹெலிகாப்டர் வைத்திருந்தன. 2012இல் இவற்றை ஒன்றிணைத்து தேசிய போலீஸ் வான்சேவை தொடங்கப்பட்டது. மேற்கு யார்க்‌ஷயர் காவல்படை அதை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பணத்தைச் சேமிக்க, தளங்களை 15 ஆகக் குறைப்பதாக 2015இல் அறிவித்தார்கள்.

பணம் என்றதும் எரிபொருள்தான் நம் நினைவுக்கு வரும். ஆள்பலத்தையும் பாருங்கள். ஒரு ஹெலிகாப்டரில் விமானி ஒருவர், வான்பணி அதிகாரிகள் இருவர் என மூன்று இருக்கைகள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் இருக்கிறது. விடுமுறை, பயிற்சி, நோய் எல்லாம் போக, ஒருவர் வாரம் 40 மணி நேரம் வீதம் 44 வாரம் வேலை செய்தால் 1,760 மணி நேரம். அப்படியானால் ஓர் இருக்கைக்கு 5 பேர், மூன்று இருக்கைக்கு 15 பேர் வேண்டும். இது பழுதுபார்ப்போரைச் சேர்க்காத கணக்கு! பக்கத்துப் பக்கத்துத் தளங்களில் எட்டெட்டுப் பேர் இருந்தால், இரண்டுமே இரவில் சில மணி நேரம் மூடிக் கிடக்கும். அவர்களை ஒரே தளத்தில் சேர்த்தால் 24 மணி நேரமும் பறக்கலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. எல்லைக்கு அப்பால் இருந்தாலும், அருகில் உள்ள ஹெலிகாப்டரையே அனுப்பலாம். ஆகவே சில ஊர்களுக்கு உதவி விரைவாகவே கிடைத்தது. தளத்தை இழந்த வட்டாரங்களுக்கோ தூரம் கூடியது. 2017இல் காவல்துறை ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, பல இடங்களில் ஹெலிகாப்டர் வந்து சேரத் தாமதமாவதைக் குறை கூறியது. என் பார்வையில், தளங்களை இணைத்ததில் தவறில்லை. வரைபடத்தில் தூரத்தை மட்டும் அளந்து, வட்டத்தின் பரப்பை மறந்துவிடுவதுதான் ஆபத்து.

இப்போது பல காவல்படைகள் டிரோன்களையும் பயன்படுத்துகின்றன. காரில் கொண்டுபோய், அந்த இடத்திலிருந்தே பறக்கவிடலாம். வட்டம் சிறியதாக இருக்கும்போதே தேடலைத் தொடங்கிவிடலாம். ஆனால் சிறிய டிரோனின் மின்கலம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால், மறுபடியும் ஹெலிகாப்டரைத்தான் அழைக்க வேண்டும்.