கரண்டு வைத்த பிறகு வரும் இருமல்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, 15 நாளோ 25 நாளோ ‘கரண்டு’ வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பெண்ணை, கண்டம் தப்பியவள் என்று உறவினர் கொண்டாடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழிகிறது. வறட்டு இருமல் தொடங்குகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. மாலையில் லேசான ஜுரம். வியாதி திரும்பிவிட்டதோ என்று வீட்டார் கலங்குகிறார்கள். தெருக்கோடி டாக்டரோ க்ஷயமாக இருக்கலாமோ என்று சந்தேகிக்கிறார்.

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஜனங்கள் கரண்டு என்று சொல்வது மின்சாரம் அல்ல. எக்ஸ்-கதிர் அல்லது காமாக் கதிர். புற்றை அழிக்கப் போகும் கதிர், வழியிலுள்ள நுரையீரலையும் சற்றுத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. அங்கே கோடிக்கணக்கான காற்றறைகள். அவற்றின் சுவர் காகிதத்தைவிட மெல்லியது. கதிர் பட்ட சுவர்கள் வீங்குகின்றன. இந்த அழற்சி பெரும்பாலும் சிகிச்சை முடிந்த ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். அதற்குப் பிறகு, புண் ஆறிய இடத்தில் வடு விழுவதுபோல், அந்தப் பகுதி இறுகிச் சுருங்குவதும் உண்டு. இறுகியது மறுபடி இளகுவதில்லை.

எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. மார்பகப் புற்றுக்காரர்களில் சிலருக்கே வரும். நுரையீரலிலேயே புற்று உள்ளவர்களுக்குத்தான் அதிகம்.

1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஹென்றி காப்லன், ஹாட்ஜ்கின் நோய் கண்ட இளைஞர்களுக்குக் கழுத்து, அக்குள், மார்பு எல்லாம் சேர்த்துக் கதிர் செலுத்தினார். சாவின் வாயிலிருந்து பலர் மீண்டார்கள். அவ்வகைச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலும் இருதயமும் தொல்லை கொடுத்தன. சிகரெட் பிடித்தவர்கள் பாடு இன்னும் மோசம்.

நோயைக் கண்டுபிடிக்க ஒரு விசித்திர அடையாளம் உண்டு. நிமோனியா நுரையீரலின் இயற்கைப் பிரிவுகளை ஒட்டிப் பரவும். கதிரின் வடுவோ, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல் நேரான ஓரத்துடன் படத்தில் விழும். பல கோணங்களில் கதிர் செலுத்தும் இக்காலச் சிகிச்சையில் அது அவ்வளவு தெளிவாக இராது.

அழற்சிக்கு பிரெட்னிசோலோன் மாத்திரை கேட்கும். ஆனால் க்ஷயம் ஒளிந்திருந்தால் அதே மாத்திரை அதைத் தூண்டிவிடும்; ஆகவே முதலில் சளிப் பரிசோதனை. குணம் தெரிந்ததும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் இருமல் திரும்பிவிடும். டாக்டர்தான் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும்.

இதற்கெல்லாம், கரண்டு வைத்த விஷயம் டாக்டருக்குத் தெரியவேண்டுமே! பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று தாயின் புற்றுநோயை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. எந்தப் பக்கம், எத்தனை ‘கிரே’ அளவு, எந்தத் தேதிகளில் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த சீட்டு பெட்டியடியில் கிடக்கிறது. இருமலுக்கு மருந்து கேட்டு வருபவரோ அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.