தேனும் சர்க்கரைதான்

சீனியை நிறுத்திவிட்டுத் தேனுக்கு மாறியவர்கள் பலர் அளவு பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம், இரவில் பாலில் கொஞ்சம். இயற்கையானதுதானே என்ற தைரியம்.

100 கிராம் தேனில் ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். சத்து என்று நாம் நம்பும் தாதுக்களும் நொதிகளும் மிகச் சொற்பம். தேன் அடர்த்தியானது என்பதால், ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம் என்றால், அதே கரண்டித் தேன் சுமார் 7 கிராம். ஆக, கரண்டிக் கணக்கில் தேனில்தான் சர்க்கரை கூடுதல்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேனையும் சீனியோடுதான் சேர்த்து எண்ணுகிறது. பெரியவர்களுக்கு இவையெல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. இரண்டு மேசைக்கரண்டித் தேனிலேயே 34 கிராம் சர்க்கரை வந்துவிடும்.

தேனில் அதிகம் இருப்பது பிரக்டோஸ். இதைக் கையாளும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அளவு மிஞ்சினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது, கல்லீரலில் கொழுப்பு படிகிறது. சிலருக்கு வயிறு உப்பி, பேதியாகும். சொத்தைப் பல்லுக்கும் தேன் சீனிக்குச் சளைத்ததல்ல. ‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று யார் விற்றாலும் நம்பாதீர்கள். தேனும் ரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

இருமலுக்குத் தேன் இதம் தருவது உண்மைதான். ஆனால் அது ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்கு மட்டும்.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. இங்கே அளவு என்ற பேச்சே இல்லை, துளியும் கூடாது. குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை பொதுவாக முளைப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். குழந்தைகளுக்கு இப்படி வரும் நோய் 1976-இல் கலிபோர்னியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. தேனைக் காய்ச்சினாலும் வித்துகள் சாவதில்லை. சுத்தமான மலைத்தேனிலும் அவை இருக்கலாம்.

முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு பால் உறிஞ்சும் வேகம் குறையும், அழுகை ஈனமாகும், கழுத்து துவளும்; முற்றினால் மூச்சே தடைப்படும். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். தேன் கொடுத்திருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தாமதமின்றிச் சிகிச்சை தொடங்க அது உதவும்.