"முடியாது சார்" என்று சொல்ல ஏன் வாய் வருவதில்லை?

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்பேச்சு கேட்பதில்லை என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறோம். எனக்கோ, அவர்கள் கேட்டுவிடுகிற இடங்கள்தான் கவலையாக இருக்கின்றன. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பையனிடம் மேலாளர், "போன வாரத் தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடு தம்பி" என்பார். தப்பு என்று தெரிந்தே போட்டுவிடுவான். இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல், முப்பது வயதுகூட ஆகாத ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனையைத் தொடங்கினார். பக்கத்து அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் சோதனைக்கு வந்தவர் சுவிட்சைத் தட்டி ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 சுவிட்சுகள். உண்மையில் ஷாக் எதுவும் இல்லை. தட்டுபவருக்கு மட்டும் அது தெரியாது. வியர்த்து, நடுங்கி, நிறுத்திவிடலாமே என்று கேட்டுக்கொண்டே 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்சு வரை போனார்கள். யாரும் அவர்களை மிரட்டவில்லை. தொடர வேண்டும் என்று ஆய்வாளர் அமைதியாகச் சொன்னார், அவ்வளவுதான். ஷாக்கை எல்லோருமே நம்பினார்களா என்ற கேள்வி பிறகு எழுந்ததும் உண்மை.

சோதனையின் வேறொரு சுற்றில், ஆய்வாளர் வெளியே போய்த் தொலைபேசியில் உத்தரவிட்டபோது ஐந்தில் ஒருவர்தான் கடைசி வரை போனார். சிலர் வோல்ட்டைக் கூட்டுவதாகச் சொல்லிவிட்டுக் குறைத்தே கொடுத்தார்கள். நம் இளைஞர்களுக்கு நன்றாகப் பழகிய வழி இது: எதிரில் "சரி சார்", பின்னால் செய்யாமல் விட்டுவிடுவது. அன்றைய நாளுக்கு அது கைகொடுக்கும். ஆனால் உத்தரவு அப்படியே நிற்கிறது. நாளைக்கு அடுத்தவர் மேசைக்குப் போய்விடும்.

இன்னொரு முறை, கூட உட்கார்ந்திருந்த இருவரை ஒருவர்பின் ஒருவராக மறுக்கச் சொல்லி மில்கிராம் ஏற்பாடு செய்திருந்தார். அதைப் பார்த்தபின் கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. மறுக்கலாம் என்பதே பலருக்கு இன்னொருவர் மறுக்கும்போதுதான் உறைக்கிறது.

அதனால் கையெழுத்துக் கேட்டால், பக்கத்து இருக்கைக்காரர் காதில் விழும்படியே பேசுங்கள். மறுக்க வாய் வராவிட்டால், "மெயில்ல அனுப்பிடுங்க சார், பார்த்துட்டுப் போடறேன்" என்று கேளுங்கள். தப்பான உத்தரவை எழுத்தில் தர யாரும் அவ்வளவு எளிதில் துணியமாட்டார்கள்.