மோட்டார் வண்டியின் பின்னச்சு

வளைவிலே மோட்டார் வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டியிருக்கிறது. இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுத்து, இயந்திரத்தின் விசையைப் பின்சில்லுகள் இரண்டுக்கும் பகிர்ந்தளிப்பதே ‘டிபரென்சியல்’ எனப்படும் பற்சில்லுத் தொகுதியாகும்.

இங்கிலாந்தில் 1971 வரை செய்யப்பெற்ற மொறிஸ் மைனர் வண்டிகள் சில இலங்கையில் இன்றும் ஓடுகின்றன. மைனர் 1000 வகையில் இத்தொகுதி தேய்ந்து இரையத் தொடங்கினால், பழகிய கையுடையோர் வீட்டு முற்றத்திலேயே அதனை மாற்றிவிடலாம்.

கைத்தடை பின்சில்லுகளையே பிடிப்பதாதலால், அவற்றைக் கழற்றியபின் அது உதவாது. ஆகவே முன்சில்லுகளுக்குக் கட்டை அணைத்து, பின்னச்சை உறுதியான தாங்கிகளின்மேல் ஏற்றுதல் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் புகுவது உயிருக்கே ஆபத்தாகும். பின்னர் எண்ணெயை வடித்து, இருபுறத்து அரைத்தண்டுகளையும் வெளியே இழுத்து, நடுத்தண்டைப் பிரித்துச் சுரைகளை நீக்கினால், தொகுதி முன்புறமாகக் கழன்றுவரும்.

மாற்றுத் தொகுதியின் பற்களை எண்ணிப் பார்த்தே வாங்குதல் வேண்டும். 948 சீ.சீ. இயந்திரத்துக்குரியது 41க்கு 9, 1098 சீ.சீ.க்குரியது 38க்கு 9. முன்னதன் இடத்திற் பின்னதைப் பூட்டினால் மேட்டில் இழுவை குறையும். அன்றியும், வேகமானி 40 மைல் காட்டும்போது வண்டி ஏறக்குறைய 43 மைல் வேகத்தில் ஓடும். முள்ளை நம்பிய சாரதி, தாம் அறியாமலே வரம்பு மீறுவார்.