டஸ்ட்பின்னும் குப்பையும்



ஒவ்வொரு வகுப்பறையின் மூலையிலும் ஒரு தொட்டி இருக்கிறது. அதை நாம் 'டஸ்ட்பின்' என்கிறோம். 'டஸ்ட்' என்றால் தூசி. ஆனால் அதில் நாம் போடுவது தூசியையா? கிழித்த தாள், வாழைப்பழத் தோல், தீர்ந்துபோன ரீஃபில், மிட்டாய் உறை ஆகியவற்றைத்தானே! பின் ஏன் அப்பெயர் வந்தது?

இக்கேள்வி எங்களுக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற பருவத்தில் எங்கள் வகுப்புத் தொட்டியைக் காலி செய்த ஆயம்மாவின் விரலை, தாள்களுக்கிடையே கிடந்த பிளேடுத் துண்டு அறுத்துவிட்டது. போட்டது யார் என்று ஆசிரியை கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. "பரவாயில்ல கண்ணுங்களா, குப்பைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆயம்மா போய்விட்டார். அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று அறியவே நூல்களைப் புரட்டினோம்.

இங்கிலாந்து குளிர் மிகுந்த நாடு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் வீடுகளில் குளிர் காய நிலக்கரியை எரித்தனர். வீட்டில் மிகுதியாகச் சேர்ந்த கழிவு அந்தச் சாம்பலே. அதைத்தான் 'டஸ்ட்' என்றனர். அதை அள்ளிச் செல்பவர் 'டஸ்ட்மேன்'. சேர்த்து வைக்கும் கலம் 'டஸ்ட்பின்'. அச்சாம்பலை அவர்கள் வீண் என்று எண்ணவில்லை. அள்ளிச் செல்லும் உரிமைக்காக ஒப்பந்தக்காரர்கள் பணம் கொடுத்த காலமும் உண்டு! சாம்பல் கிடங்குகளில் பெண்கள் நாள் முழுதும் சல்லடையால் சலித்தனர். பொடிச் சாம்பல் செங்கல் மண்ணோடு கலக்கப் போயிற்று. அரைகுறையாய் வெந்த கரி சூளைக்கு எரிபொருளாயிற்று. எலும்பும் கந்தலும் தனித்தனியே விலை போயின. சாம்பல் மேட்டால் வந்த செல்வத்தை வைத்தே சார்லஸ் டிக்கன்ஸ் 1864-65-இல் 'அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்' என்னும் நாவலை எழுதினார். 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்திற்குப் பின் அங்கு வீடுகளில் நிலக்கரி எரிப்பது குறைந்தது. சாம்பல் போயிற்று; பெயர் நின்றுவிட்டது.

நம் தமிழ்ச் சொல்லின் கதையும் இத்தகையதே. 'குப்பை' என்பதன் பழம்பொருள் குவியல். உமணர்கள் விற்கும் உப்பின் குவியலை நற்றிணை 'குப்பை' என்றே கூறுகிறது. உழவர் வீடுகளில் "வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?" என்று கேட்டால், அங்கே குப்பை என்பது எரு, பயிருக்கு உணவு.

சமயபுரத்தில் மாசி மாதக் கடைசி ஞாயிறன்று தொடங்கும் பூச்சொரிதல் விழாவை அறியாதார் யார்? மாரியம்மனுக்குக் கூடை கூடையாக மலர்கள் வந்து குவியும். பழைய பொருளில் அதுவும் ஒரு மலர்க்குப்பையே! வாடிய பின் அம்மலர் மண்ணுக்கு எருவாகும். பிளாஸ்டிக் பையோடு சேர்த்து எறிந்தாலோ எருவும் ஆகாது. நம் தேவாலயத்திலும் சென்ற ஆண்டின் குருத்தோலைகளை வீசி எறிவதில்லை. அவற்றை எரித்த சாம்பலையே திருநீற்றுப் புதனன்று நெற்றியில் ஏற்கிறோம்.

பிரிக்காமல் கொட்டினால் என்னவாகும் என்பதற்குத் திருச்சி அரியமங்கலம் கிடங்கே சான்று. பல பத்தாண்டுகளாகக் கொட்டியது மலைபோல் உயர்ந்தது. பின்னர் அதை இயந்திரச் சல்லடைகளால் சலித்து, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு எனப் பிரிக்க நேர்ந்தது. லண்டன் பெண்களின் சல்லடை நம் ஊருக்கே வந்துவிட்டது! மட்குவது, மட்காதது, தீங்கு தருவது என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அன்று எங்கள் தொட்டியில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. அதனால்தான் ஆயம்மாவின் விரல் அறுபட்டது.

இப்போது எங்கள் வகுப்பில் தாளுக்கு ஒரு தொட்டி, தோலுக்கு ஒரு தொட்டி. பிளேடு, ஊசிகளுக்கு மூடியுள்ள பழைய டப்பா ஒன்று. ஆயம்மாவிடம் மன்னிப்பும் கேட்டோம். பிளேடைப் போட்டவள் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆகவே நாற்பது பேரும் கேட்டோம்.

தோழியரே! குப்பையாகவே பிறந்த பொருள் எதுவும் இல்லை. தொட்டியருகே செல்லும்போது ஒரு கணம் நின்று, அதை நாளை எடுக்கப்போகும் கையை நினைப்போம். பிரித்துப் போடுவோம்!